சனிக்கிழமைக் குளியலும் ஒரு கல்யாணப் பத்திரிகையும்

வலப்பக்க வகிடு கலையாத என் சண்முகத்துக்கு,

நல்லா இருக்கேன்டா. சம்பிரதாயத்துக்குச் சொல்லல, நெசமாவே நல்லா இருக்கேன். நீ போய் ரெண்டு வருஷம் ஆகப் போகுது. இந்த ரெண்டு வருஷத்துல இந்த வரியை நான் எழுதுறது இதுதான் முதல் தடவை. அதனால கொஞ்சம் அலட்டிக்குவேன், பொறுத்துக்க.

இதை நாலு பேர் படிப்பாங்க. படிக்கட்டும். பயப்படாத, நம்ம பேரையெல்லாம் மாத்திட்டேன். அரபு நாட்டுல நாம வேலை பாத்த சோஹார் பேரை மட்டும் மாத்த மனசு வரல. பன்னெண்டு வருஷம் நம்மளை ஒரே ரூம்ல வச்சிருந்த ஊரு. அதுக்குப் போய் வேற பேரு வைக்க முடியுமா?

முதல்ல சேதி. கயலுக்குக் கல்யாணம்! உன் தங்கச்சி வளர்மதி பொண்ணு, நீ லீவுக்குப் போறப்பெல்லாம் பெட்டியில பாதி இடத்தை அவளுக்குன்னு ஒதுக்குவியே, அந்தக் கயல்விழிதான். மெட்ராஸ்ல வேலை பாக்குறா. கூட வேலை பாக்குற பையன், அவளே பாத்துக்கிட்டா. தை மாசம் மயிலாடுதுறையில முகூர்த்தம். வேட்டி கட்டி முன்வரிசையில நின்னிருக்க வேண்டிய ஆளு நீ. இப்படிப் பாதியில எழுந்திரிச்சுப் போயிட்டியேடா, பாவி.

ஒண்ணரை மாசம் முன்னாடி வளர்மதி எனக்குப் போன் பண்ணுச்சு. நான் அப்ப ஒரு ஹோட்டல் பேஸ்மென்ட்ல பாய்லரைப் பிரிச்சுப் போட்டு உக்காந்திருந்தேன், கையெல்லாம் கரி. "பாண்டி சார், ஒண்ணு கேக்கணும்"னுச்சு. "கயலுக்குத் தாய்மாமன் மாலை போடணும், பட்டம் கட்டணும், கையைப் பிடிச்சு மேடைக்கு அழைச்சிட்டு வரணும். அண்ணன் இல்லை. நீங்க வந்து செய்வீங்களா? பத்திரிகை அடிக்கக் குடுக்கணும். தாய்மாமன்னு போட்டு உங்க பேரைப் போட்டுடட்டுமா?"

"யோசிச்சுச் சொல்றேம்மா"ன்னு சொல்லிட்டு வச்சுட்டேன். யோசிக்கிறதுக்கு என்ன இருக்குன்னு அது நினைச்சிருக்கும். நீ இருந்திருந்தா புரிஞ்சிருக்கும். அந்த வீட்டைப் பொறுத்தவரைக்கும் நான் யாரு? உன்கூட வேலை பாத்தவன். வருஷா வருஷம் பேரீச்சம்பழப் பெட்டி குடுத்து விடுறவன். ஒண்ணும் தெரியாம நல்ல மனசுல கூப்பிடுது. நாம என்னவா இருந்தோம்ங்கிறதை மறைச்சுக்கிட்டு மேடையில போய் நின்னா அது திருட்டுத்தனம். சொல்லிட்டா? அந்த வீட்டு வாசப்படியே எனக்கு இல்லாமப் போகலாம். உன் பேரைச் சொல்லிப் பேச எனக்குன்னு பாக்கி இருக்கிறது அந்த ஒரு வீடுதான்.

உன்னை ஊருக்குக் கொண்டு போன கதையை நான் இதுவரைக்கும் உனக்குச் சொல்லவே இல்லை, இல்ல? ஆபீஸ்ல காலை டீ நேரத்துல நெஞ்சைப் பிடிச்சவன் நீ. நான் வர்றதுக்குள்ள எல்லாம் கலாஸ். உன்கூட யாராவது ஒருத்தர் ஊருக்குப் போகலாம்னு கம்பெனியில சொன்னாங்க. ஃபாரம் குடுத்தாங்க. அதுல உறவுமுறைன்னு ஒரு கட்டம். பேனாவை வச்சுக்கிட்டு அந்தக் கட்டத்தையே ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு நின்னேன். கடைசியில 'சக ஊழியர்'னு எழுதினேன். கையெழுத்துப் போடும்போது உன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். கேட்டுச்சா?

உங்க வீட்டுக் கூடத்துல உன்னைப் படுக்க வச்சப்ப பாத்தா, எவனோ உனக்கு இடப்பக்கம் வகிடெடுத்துச் சீவி விட்டிருக்கான். என்ன கொடுமைடா அது! நாப்பத்தஞ்சு வருஷமா வலப்பக்கம் வகிடெடுத்த மண்டை. சுத்தி அத்தனை பேர் அழுதுக்கிட்டிருக்காங்க, என் கை சும்மா இருக்கல. சட்டைப் பையில இருந்த சீப்பை எடுத்து மாத்தி விட்டுட்டேன். அப்புறம்தான் ஐயய்யோன்னு இருந்துச்சு. உங்கம்மா என்னைப் பாத்து, "நீ எப்ப தம்பி சாப்பிட்ட?"ன்னு கேட்டாங்க. நான் வெளியில பந்தலுக்குப் போயி, கூட வேலை பாத்தவங்க உக்காருற பிளாஸ்டிக் சேர்ல உக்காந்துக்கிட்டேன்.

சரி, போதும். அழுகைக் கதை இதோட சரி. இனிமே வர்றதெல்லாம் நீ கேட்டா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிற கதை.

வளர்மதிக்குப் பதில் சொல்லாம ஒரு வாரம் முழிச்சுக்கிட்டு இருந்தப்ப, மேனேஜர் கூப்பிட்டார். நாங்க வாங்கி மாட்டுற நீராவி மெஷின் செய்யுற ஃபேக்டரி ஜெர்மனியில இருக்கு, பத்து நாள் டிரெய்னிங், நீ போன்னார். நானா! அருப்புக்கோட்டைப் பக்கம் கண்மாய்த் தண்ணியில முங்கி வளந்தவனை நீராவி படிக்க ஜெர்மனிக்கு அனுப்புறாங்க. ஃபேக்டரி இருந்தது பெரிய சிட்டி இல்லை. சிட்டியை ஒட்டிக்கிட்டு இருக்கிற சின்ன ஊரு. தாம்பரம்னு வச்சுக்க, ஆனா ஜனமே இல்லாத தாம்பரம். சாயங்காலம் ஆறு மணிக்குக் கடையைச் சாத்திட்டு எல்லாரும் எங்க போறாங்கன்னே தெரியல.

ரெண்டாவது நாள் ரயிலுக்கு நிக்கும்போதுதான் அந்த போர்டைப் பாத்தேன். ஒரு சின்னக் கட்டடம், பக்கத்துல சைக்கிள் ரிப்பேர் கடை, வாசல்ல வானவில் கொடி. ஆம்பளைங்க சானா, அதான் நீராவிக் குளியல் வீடு. வந்த ரயிலை விட்டுட்டேன். நீ ரூம்ல படுத்துக்கிட்டு, போனை நெஞ்சு மேல வச்சுக்கிட்டு எத்தனை தடவை சொல்லியிருப்ப? "நம்மள மாதிரி ஆளுங்களுக்குன்னே குளியல் வீடு இருக்காம்டா பாண்டி. உள்ள போயிட்டா யாரும் யாருக்கும் என்ன முறைன்னு கேக்க மாட்டாங்களாம். அடுத்த லீவுக்குப் போறோம்." அடுத்த லீவு, அடுத்த லீவுன்னு பன்னெண்டு லீவு போச்சு. ஒவ்வொரு லீவுக்கும் நீ மயிலாடுதுறை, நான் அருப்புக்கோட்டை. ஏர்போர்ட்ல ரெண்டு பக்கமாப் பிரிஞ்சு போனதுதான் மிச்சம்.

நமக்குக் கிடைச்சது சோஹாரை ஒட்டி ஃபலஜ்ங்கிற ஊர்ல இருந்த அந்த மொராக்கோ நீராவி பாத்து மட்டும்தான். அது சாதாரண ஆம்பளைங்க குளிக்கிற எடம், நம்ம எடம் இல்லை. ஆனா நம்மளை முடிச்சுப் போட்டது அதுதானே? நீராவி வரலைன்னு என்னை ரிப்பேருக்குக் கூப்பிட்டிருந்தாங்க. உள்ள ஒருத்தன் உடம்பெல்லாம் கறுப்பு சோப்பைப் பூசிக்கிட்டு, கண்ணைத் தொறக்க முடியாம நின்னுக்கிட்டு, "சார், தண்ணி எப்ப சார் வரும்?"னு தமிழ்ல கேட்டான். நான் தமிழன்னு உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டதுக்கு, "ஸ்பானரைக் கீழ போட்டுட்டு 'அடச்சீ'ன்னீங்களே"ன்ன. நீ நம்ம கம்பெனி ஆபீஸ்ல புதுசாச் சேந்த ஆளுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுச்சு. அன்னைக்குத் தண்ணியை வேணும்னே பத்து நிமிஷம் லேட்டாத்தான் தொறந்து விட்டேன். இதை உன்கிட்ட ஒத்துக்கிட்டதே இல்லை. இப்ப ஒத்துக்கிறேன்.

அப்புறம் வெள்ளிக்கிழமைன்னா நமக்கு அதுதான். வியாழன் டியூட்டி முடிஞ்சதும் உன் மெசேஜ் வரும், "நாளைக்கு கங்கா ஸ்நானம்?" வருஷம் பூரா தீபாவளி உனக்கு. காலையில ரூம்ல நல்லெண்ணெயைச் சுட வச்சு நீ என் தலையில தேய்க்க, நான் உன் தலையில தேய்க்க, எண்ணெய் வழிய கார்ல ஏறி ஃபலஜ் போவோம். "வெள்ளிக்கிழமை பொம்பளைங்க எண்ணெய் தேய்க்கிற நாளுடா, ஆம்பளைக்குச் சனிக்கிழமைதான்"னு நான் சண்டை போடுவேன். "சனிக்கிழமை டியூட்டி. நம்ம மேனேஜர்கிட்ட போய்ச் சொல்லு, சனி நீராடணும்னு"ம்ப. கவுண்டர்ல எகிப்துக்காரர் மஹ்மூத்கிட்ட நான் ரெண்டு விரலைக் காட்டி "இத்னேன்"னு சொல்லுவேன். ரெண்டு பேர். அவர் ரெண்டு துண்டு குடுப்பார். உள்ள நீராவியில ஒருத்தரை ஒருத்தர் கண்ணுக்குத் தெரியாத நேரம் பாத்து, உன் தோள் என் தோள்ல படும். அவ்வளவுதான். அதுக்கு மேல ஒண்ணும் இல்லை. அதுக்காக ஆறு நாள் காத்துக்கிட்டு இருந்தோம்.

ஜெர்மனியில எனக்கு அஞ்சு நாள் டிரெய்னிங் முடிஞ்சு லீவு விட்டது எப்பன்னு நினைக்கிற? சனிக்கிழமை! விடுவேனா? பெட்டியில சின்ன பாட்டில்ல நல்லெண்ணெய் கொண்டு போயிருந்தேன். ஹோட்டல் ரூம்ல உள்ளங்கையில ஊத்தி உச்சியில வச்சு அழுத்தித் தேய்ச்சேன். உன் கை இல்லாம எனக்கு நானே தேய்க்கிறது இன்னும் பழகல, காதுக்குப் பின்னாடி விட்டுப் போச்சு. எண்ணெய்த் தலையோட, கைலியும் துண்டும் பைக்குள்ள, கொடி கட்டின வாசலுக்குப் போய் நின்னேன். நாலு தடவை சைக்கிள் கடையைச் சுத்தினேன். சைக்கிள் கடைக்காரர் வெளிய வந்து, என்ன வேணும்னு கேட்டுட்டார். இதுக்கு மேல சுத்தினா சைக்கிள் வாங்க வேண்டியதாயிடும்னுதான் உள்ள போனேன்.

கவுண்டர்ல ஒரு தாடிக்காரர். எத்தனை பேர்னு கேட்டார். என் கை தானா மேல போச்சு. ரெண்டு விரல். வாயில கூட "இத்னேன்"னுதான் வந்துச்சு.

அவருக்கு அரபி புரியல, விரல் புரிஞ்சிருச்சு. ரெண்டு துண்டு, மணிக்கட்டுல மாட்டிக்கிற பட்டையில கோத்த ரெண்டு சாவி, எடுத்து வச்சுட்டார். அதைப் பாத்தப்புறம்தான் நான் பண்ணின கூத்து எனக்கே உறைச்சுச்சு. ஒண்ணைத் திருப்பிக் குடுக்கலாம். குடுக்க மனசு வரலடா. ரெண்டையும் ஒரே மணிக்கட்டுல மாட்டிக்கிட்டேன். பக்கத்துப் பக்கத்து லாக்கர். என்னுதுல துணியை வச்சேன். உன்னுதுல எண்ணெய் பாட்டிலை வச்சுப் பூட்டினேன்.

கட்டம் போட்ட கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ராஜா மாதிரி வெளிய வந்தேன். தாடிக்காரர் ஓடி வந்தார். துணியோட உள்ள போகக் கூடாதாம், துண்டு மட்டும்தான். துணி கட்டினது தப்புன்னு என்னை எவனாவது விரட்டுவான்னு நான் கனவு கண்டேனா? பத்து வயசுல கோமணம் இல்லாம கிணத்துல குதிச்சதுக்கு எங்கப்பா விளக்குமாத்தால அடிச்சார், இங்க உல்டா.

நீ நினைச்ச மாதிரி சினிமா நடிகனுங்க யாரும் இல்லை. எல்லாம் நம்ம வயசு, நமக்கு மேல. எல்லாம் நம்மள மாதிரி தொப்பை. ரெண்டு கிழவனாருங்க குறுக்கெழுத்துப் போட்டியை மடியில வச்சுக்கிட்டுச் சண்டை போட்டாங்க. ஒருத்தர் உருளைக்கிழங்கு சாலட்டைச் சாப்பிட்டுக்கிட்டே இன்னொருத்தர் முதுகுல மருந்து தடவி விட்டார். ஒரு ஜோடி வெந்நீர்த் தொட்டியில காலை விட்டுக்கிட்டு வீட்டுக்கு எந்தக் கலர் பெயின்ட் அடிக்கிறதுன்னு பேசிக்கிட்டு இருந்தாங்க. இதுக்காடா நாம பன்னெண்டு வருஷம் ஏங்கினோம்னு சிரிப்பு வந்துருச்சு. அப்புறம் தோணுச்சு, இதுக்குத்தான் ஏங்கினோம். மூணாவது ஆள் முன்னாடி உன் முதுகுல நான் மருந்து தடவினதே இல்லையே.

சில பேர் கண்ணாலயே விசாரிச்சாங்க. ஒருத்தர் சிரிச்சார், நானும் சிரிச்சு வச்சேன், வெக்கமாப் போச்சு. அதுக்கு மேல நோண்டாத. ஒண்ணும் நடக்கல. ஏன்னா அதுக்குள்ள எனக்கு வேலை வந்துருச்சு.

ஆமாண்டா, வேலை! நீராவி அறைக்குள்ள போனா, நீராவியே இல்லை. வெதுவெதுன்னு மழைக்கால பஸ் மாதிரி இருக்கு. திங்கட்கிழமை ஆள் வருவார்னு கதவுல ஒட்டி வச்சிருக்காங்க. உள்ள உக்காந்திருந்த நாலு பேரும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்காங்க. எனக்கு மெஷின் சத்தம் கேக்குது. பம்ப் ஓடுது, ஆனா மூச்சு வெளிய வரல. குழாய் வாயில சுண்ணாம்பு கட்டியிருக்கு, கேட்ட உடனே தெரிஞ்சு போச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்து பாத்தேன். நீ பக்கத்துல இருந்திருந்தா, "போ, போய் பண்ணு, இல்லேன்னா ராத்திரி உனக்குத் தூக்கம் வராது"ன்னு தள்ளி விட்டிருப்ப.

போனேன். தாடிக்காரர்கிட்ட நான் யாரு, என்ன வேலைன்னு சொல்லி, ஒரு ஸ்க்ரூ டிரைவரும் சமையல் கட்டுல வினிகரும் கேட்டேன். முதல்ல மாட்டேன்னார். ஃபேக்டரி அடையாள அட்டையை லாக்கர்ல இருந்து எடுத்துக் காட்டினேன், சரின்னுட்டார். மெயினை அணைச்சுட்டு, இடுப்புல துண்டு, மணிக்கட்டுல ரெண்டு சாவி, வாயில ஸ்க்ரூ. அரை மணி நேரம். வினிகர்ல ஊற வச்சுச் சுண்ணாம்பைச் சுரண்டினா, கட்டி கட்டியா வந்துச்சு. திரும்ப மாட்டி மெயினைப் போட்டேன். ஒரு நிமிஷம் ஒண்ணும் இல்லை. அப்புறம் புஸ்ஸுன்னு வந்துச்சு பாரு! உள்ள இருந்த அத்தனை பேரும் கை தட்டினாங்க. ஆயுசு முழுக்கக் கனவு கண்ட எடத்துக்குப் போய் அங்கயும் டியூட்டி பாத்த ஒரே ஆளு நானாத்தான் இருப்பேன்.

அதுக்கப்புறம் என்னை விடுவாங்களா? குறுக்கெழுத்துக் கிழவனார்ல ஒருத்தர், ரைனர்னு பேரு, பக்கத்துல இடம் போட்டு உக்கார வச்சார். நீராவி அறை நெறஞ்சு போச்சு, சனிக்கிழமைக் கூட்டம். ரைனர் என் மணிக்கட்டைப் பாத்தார். ரெண்டு சாவி. என் தோள்ல இன்னொரு துண்டு. இங்கிலீஷ்ல கேட்டார், "உங்க கணவர் இன்னும் வரலையா?"

யாரும் யாருக்கும் முறை கேக்க மாட்டாங்கன்னு நீ சொன்ன எடத்துல, கேட்டாங்கடா. கடைக்குப் போயிட்டு வந்தியான்னு கேக்குற மாதிரி சாதாரணமாக் கேட்டார். பன்னெண்டு வருஷத்துல அந்த வார்த்தையை நாம கதவைச் சாத்திக்கிட்டுக் கூடச் சொல்லிக்கிட்டதில்லை. நான் வாயைத் தொறந்தேன். 'சக ஊழியர்'னு வந்துருமோன்னு பயமா இருந்துச்சு. வரல.

"என் கணவர் செத்துப் போயிட்டார். ரெண்டு வருஷம் ஆகப் போகுது"ன்னு சொன்னேன்.

நீராவியில யாருக்கும் யார் மூஞ்சியும் தெரியல, நல்லதாப் போச்சு. ரைனர் என்ன பண்ணார் தெரியுமா? என் தோள்ல இருந்த ரெண்டாவது துண்டை எடுத்தார். பலகையில எனக்குப் பக்கத்துல மடிப்பு இல்லாம நீட்டி விரிச்சார். "அப்ப அவர் இங்க உக்காருறார்"னார். அவ்வளவுதான். கதவு தொறந்து தொறந்து ஆளுங்க வந்துக்கிட்டே இருந்தாங்க, நின்னுக்கிட்டுக் கூட இருந்தாங்க. அந்தத் துண்டு மேல ஒருத்தரும் உக்காரல. நான் உன் பக்கமாச் சாஞ்சு உக்காந்து ஓன்னு அழுதேன், அப்புறம் உன் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். கறுப்பு சோப்புக் கதையை அவங்க மூணு தடவை சொல்லச் சொன்னாங்க.

மறுநாள் ரைனரும் அவர் வீட்டுக்காரரும் என்னை அடுத்த ஸ்டேஷன்ல இருக்கிற வெந்நீர் ஊத்து ஸ்பாவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க எல்லா விதமான ஜனமும் வருது, மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை நம்ம ஆளுங்களுக்குன்னு விடுறாங்களாம். பெரிய தொட்டி, மேல வானம், சுத்தி ஆப்பிள் மரம். அவங்க ரெண்டு பேரும் முப்பத்தஞ்சு வருஷம் ஒண்ணா இருக்கிறவங்க, தண்ணிக்குள்ள கையைப் பிடிச்சுக்கிட்டு ஐஸ்கிரீம் சாப்பிடுறாங்க, ஐஸ்கிரீம் உருகித் தண்ணியில விழுதுன்னு சண்டையும் போடுறாங்க. நான் ஓரமா மிதந்துக்கிட்டு இருந்தேன். எண்ணெய் தேய்ச்ச தலைக்குச் சுகமா இருந்துச்சு.

ஹோட்டலுக்கு வந்ததும் ஈரத் தலையோட வளர்மதிக்குப் போன் போட்டேன். யோசிச்சா தைரியம் போயிரும்னு யோசிக்கவே இல்லை.

"வளர்மதி, பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு நீ வேண்டாம்னாலும் சரி. நானும் உங்கண்ணனும் சும்மா ஒரே ரூம்ல இருந்தவங்க இல்லம்மா. பன்னெண்டு வருஷம் புருஷன் பொஞ்சாதி மாதிரி..." அதுக்கு மேல தமிழ்ல எனக்கு வார்த்தை வரல. இங்கிலீஷ்ல வந்தது தமிழ்ல வரல பாரு.

அந்தப் பக்கம் குக்கர் விசில் மட்டும் கேட்டுச்சு. போச்சுடா, அவ்வளவுதான்னு நினைச்சேன். வளர்மதி போய் அடுப்பை அணைச்சுட்டு வந்துச்சு.

"இதைச் சொல்லத்தான் ஒரு மாசமா?"ன்னுச்சு.

"உனக்குத் தெரியுமா?"

"அண்ணனுக்கு வகிடு எந்தப் பக்கம்னு இந்த உலகத்துல அம்மாவுக்கும் எனக்கும்தான் தெரியும்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம். கூடத்துல அத்தனை சனம் நிக்க, நீங்க சீப்பை எடுத்து மாத்தி விட்டீங்க. அண்ணன் காதுக்கு மேல முடியை விரலால ஒதுக்கி வேற விட்டீங்க. அம்மா என் கையைப் பிடிச்சு அழுத்துனாங்க. அந்தப் புள்ளைக்கு ஏதாவது சாப்பிடக் குடுடின்னாங்க. நான் திரும்பிப் பாக்கறதுக்குள்ள நீங்க பந்தல்ல போய் உக்காந்துட்டீங்க. போன வருஷம் சாகற வரைக்கும் அம்மாவுக்கு அதுதான் குறை."

சண்முகம், உங்கம்மாவுக்குத் தெரியும்டா. தெரிஞ்சுதான் சாப்பிட்டியான்னு கேட்டிருக்காங்க. இதை உன்கிட்ட சொல்லணும்னுதான் இந்தக் கடிதமே. நீ எதுக்குப் பயந்து பயந்து செத்தியோ, அது உன் வீட்டுல ஒரு வாய்க் காப்பியா எனக்காகக் காத்துக்கிட்டு இருந்திருக்கு.

நான் அழுறது கேட்டு வளர்மதியும் அழுது, அப்புறம் அதுவே சிரிச்சுச்சு. "இதுல எனக்கு ஒரே கஷ்டம், உங்களை என்ன முறை சொல்லிக் கூப்பிடறது? அண்ணன் கட்டிக்கிட்டவங்களை அண்ணின்னு கூப்பிடணும். அண்ணின்னா கூப்பிட முடியும்?"

"கூப்பிட்டுத்தான் பாரேன்"னேன்.

"வேண்டாம்பா, மீசை வச்ச அண்ணி. இனிமே அண்ணேதான். சாரெல்லாம் கிடையாது."

"உங்க பெரியப்பா கேட்டா என்னம்மா சொல்லுவ? சாதி சனம் என்ன சொல்லும்? நான் எந்த ஊரு, எந்த ஆளுன்னு கேக்க மாட்டாங்களா?"

"கேக்கட்டும். எங்கண்ணனோட ஆளுன்னு சொல்லுவேன். புரிஞ்சவங்க புரிஞ்சுக்கட்டும். புரியாதவங்க பந்தியில உக்காந்து சாப்பிட்டுட்டுப் போகட்டும்."

அதுக்குள்ள கயல் போனைப் பிடுங்கிட்டா. எப்பவும் பாண்டி அங்கிள்னு கூப்பிடுற பொண்ணு, "மாமா, சுத்தி வளைக்காதீங்க. வர்றீங்களா, இல்லையா? பிரஸ்காரர் தினமும் போன் பண்றார்"னா. வர்றேன் தாயீன்னேன். ஒரு நாட்டுல இருந்து இன்னொரு நாட்டுக்குக் கேக்குற மாதிரி கத்திட்டேன், பக்கத்து ரூம்காரன் சுவத்துல தட்டினான்.

இப்ப சோஹார் வந்துட்டேன். இன்னைக்கு வெள்ளிக்கிழமை. நீ போனதுக்கப்புறம் முதல் தடவையா ஃபலஜ் பாத்துக்குப் போனேன். மஹ்மூத்துக்கு நரை வந்துருச்சு. என்னைப் பாத்துட்டு எழுந்து நின்னார். ஒரு விரலைக் காட்டினேன், ஒரு துண்டு குடுத்தார். இங்க யாருக்கும் எதுவும் சொல்ல முடியாது, அது அப்படியேதான் இருக்கு. ஆனா நீராவியில உக்காந்திருக்கும்போது என் பக்கத்துல ஒரு ஆள் இடத்தை விட்டுத்தான் உக்காந்தேன்.

குளிச்சுட்டு வெளிய வந்து கார்ல ஏறும்போது கயல்கிட்ட இருந்து வாட்ஸப். பத்திரிகையோட மாதிரி வந்துருக்கு, பாத்துச் சொல்லுங்கன்னு. சுட்டுப் பொசுக்குற வெயில்ல, ஏசியைக் கூடப் போடாம படிச்சேன். உங்க சொந்தக்காரங்க பேரெல்லாம் வழக்கம் போல ஜோடி ஜோடியாப் போட்டிருக்கு. பெரியப்பா பேரு, ஒரு சின்னக் கோடு, பெரியம்மா பேரு. சித்தப்பா பேரு, ஒரு கோடு, சித்தி பேரு. கீழ தாய்மாமன்னு போட்டு நம்ம பேரு. நம்ம நிஜப் பேரு, இந்தக் கடிதத்துல இருக்கிற பொய்ப் பேரு இல்லை. அமரர்னு உன் பேரு, ஒரு சின்னக் கோடு, அப்புறம் என் பேரு. ஒரே வரியில.

பிரஸ்காரர் கேட்டாராம், ரெண்டு ஆம்பளைங்க பேராச்சே, தனித்தனி வரியாப் போட்டுடவான்னு. வளர்மதி சொல்லிச்சாம், "அந்தக் கோடு அப்படியே இருக்கட்டும்."

உறவுமுறைன்னு ஒரு கட்டத்துல நான் பொய்யை எழுதினேன்டா. உன் தங்கச்சி அதை ஒரு கோட்டுல திருத்திடுச்சு. ஸ்டியரிங்ல தலையை வச்சுக்கிட்டு அந்தக் கோட்டைப் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்தேன். அப்புறம் ஏசியைப் போட்டேன்.

தை மாசம் முகூர்த்தத்தன்னைக்கு விடியக்காலையில எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பேன், காதுக்குப் பின்னாடியும் விடாம. நீ வாங்கி வச்சுட்டுக் கட்டாமலே போன அந்தப் பட்டு வேட்டியைக் கட்டுவேன். கயல் கழுத்துல மாலையைப் போட்டு, நெத்தியில பட்டம் கட்டி, அவ கையைப் பிடிச்சு மேடைக்கு அழைச்சிட்டு வருவேன். போட்டோக்காரன் நெருங்கி நில்லுங்கன்னுதான் சொல்லுவான். நான் நகர மாட்டேன். என் வலப்பக்கம் ஒரு ஆள் நிக்கிற இடம் விட்டுத்தான் நிப்பேன். வந்து நில்லு.

கங்கா ஸ்நானமான்னு கேட்டியே வாராவாரம், ஆச்சுடா. சனிக்கிழமையில ஆச்சு.

உன் வீட்டுக்காரன்,
வளர்மதியின் அண்ணன், கயல்விழியின் தாய்மாமன்,
பாண்டி